மெய்ப்பாடும் மருத்துவ அறிக்கையும்

அச்சம் எதனால் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணங்களைச் சொல்கிறார். வருத்துகிற தெய்வமும் பேயும் ஒன்று. கொடிய விலங்கு ஒன்று. வழிமறிக்கும் கள்வர் ஒன்று. நான்காவது, தன்னை ஆளும் அரசன். முதுகலை வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம், முதல் மூன்றையும் மாணவர்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வார்கள். நான்காவதில் யாராவது ஒருவர் கை உயர்த்துவார். காக்க வேண்டியவனே அச்சத்துக்குக் காரணமாவது எப்படி என்று கேட்பார். ஈழ அகதி முகாம்களிலிருந்து வந்து நம்மிடம் படித்த மாணவர்கள் வகுப்பில் இருந்த ஆண்டுகளில் மட்டும் அந்தக் கேள்வி எழுந்ததில்லை.

1951இல் உருவான அகதிகள் உடன்படிக்கை இந்த நான்காவது அச்சத்தின் மீதே கட்டப்பட்டது. இனம், மதம், நாட்டினம், ஒரு சமூகக் குழுவில் உறுப்பாக இருத்தல், அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற, தக்க அடிப்படையுள்ள அச்சம் உடையவரே அகதி என்பது அதன் வரையறையின் சாரம். ஒரு பன்னாட்டுச் சட்டம் ஒரு மெய்ப்பாட்டை மையத்தில் வைத்திருப்பது இலக்கியம் பயில்வோர்க்கு வியப்பளிக்க வேண்டும். ஆனால் அச்சம் என்பது உள்ளே நிகழ்வது. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு அதை எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்வி பிரிட்டனில் தமிழர் வழியாகவே மேல்முறையீட்டுப் பிரபுக்கள் அவைக்குச் சென்றது. சிவகுமாரன் வழக்கு என்று சட்ட நூல்களில் குறிக்கப்படும் அது, இலங்கையிலிருந்து சென்ற ஆறு தமிழ் இளைஞர்களைப் பற்றியது. உண்மையாகவே அஞ்சுகிறார்களா என்று பார்த்தால் போதும், புறச்சூழலைத் தனியே அளக்க வேண்டியதில்லை என்ற வகையில் கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் அவை அதை மாற்றியது. அச்சம் மட்டும் போதாது, அந்த அச்சம் மெய்ப்படக்கூடும் என்பதற்கு நியாயமான வாய்ப்பு புறத்தே இருக்க வேண்டும் என்றது. இளைஞர்கள் தோற்றார்கள். அவர்களில் ஐவர் 1988 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு ஒரு தீர்ப்பாளர் அவர்களின் அச்சம் அடிப்படை உள்ளதே என்று கண்டு, அவர்களை மீண்டும் அழைத்துக்கொள்ளச் சொன்னார். 1989 அக்டோபரில் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

இன்று நிலை இன்னும் இறுகியிருக்கிறது. 2022இல் பிரிட்டன் இயற்றிய சட்டத்தின்படி, அவ்வாண்டு ஜூன் 28 முதல் விண்ணப்பிப்போர், தாம் உண்மையாகவே அஞ்சுகிறோம் என்பதை முதலில் நிறுவ வேண்டும். அதுவும் உரிமையியல் வழக்குகளில் கேட்கப்படும் அளவுக்கு, அதாவது இல்லை என்பதைவிட உண்டு என்பதே மிகுதி என்று தோன்றும் அளவுக்கு. ஆக மெய்ப்பாட்டுக்குச் சான்று தேவைப்படுகிறது. அந்தச் சான்றை எழுதித் தருபவர்களில் ஒருவர் உளவியல் மருத்துவர். குடிவரவு வழக்குகளுக்காக எழுதப்படும் உளவியல் மதிப்பீட்டறிக்கை என்ற இந்த எழுத்து வகையைப் பற்றித்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

*

இதில் நமக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு சொல்லின் வழியாக வந்து சேர்ந்தோம்.

முகாமில் வளர்ந்து, நம்மிடம் முதுகலை முடித்து, மணமாகி இலண்டன் சென்ற மாணவி ஒருவர் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இரவு அழைத்தார். "ஐயா, ஒரு சொல்லைப் பற்றிக் கேக்கோணும். வழக்கறிஞர்தான் கேக்கச் சொன்னவர். பேர், ஊர் ஒண்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றார். கேட்கவில்லை. நமக்கு வந்தது ஒரு சொல்லும், அது இடம்பெற்ற இரண்டு வாக்கியங்களும் மட்டுமே.

ஒரு பெண் தம் முதல் நேர்காணலில் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்: "ரெண்டு கிழமை வச்சிருந்தவங்கள். சரியான கரைச்சல் குடுத்தவங்கள்." அன்று இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தொந்தரவு என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தியிருந்தார். பின்னர் ஒரு பெண் மருத்துவரிடம், மூன்றாவது சந்திப்பில், அந்த இரண்டு வாரங்களில் நடந்தது பாலியல் வன்முறை என்பதை அவர் சொன்னார். மறுப்புக் கடிதம் இப்படி வாதிட்டது: முதலில் தொந்தரவு என்றார், இப்போது வன்புணர்ச்சி என்கிறார், இது வழக்கை வலுப்படுத்தப் பின்னர் சேர்த்த கதை.

வழக்கறிஞர் அறிய விரும்பியது ஒன்றுதான். ஈழத் தமிழில் 'கரைச்சல்' என்ற சொல் அவ்வளவு பெரிய கொடுமையைத் தாங்குமா?

தாங்கும். வெயிலில் பேருந்துக்குக் காத்து நிற்பதும் கரைச்சல்தான். கடன்காரன் வாசலில் வந்து நிற்பதும் கரைச்சல்தான். பெண்ணுக்கு இழைக்கப்பட்டதைப் பெயர் சொல்லிக் கூற முடியாத இடத்தில், கூறாமல் கூறுவதற்கும் அதே சொல்தான் கைகொடுக்கும். கேட்பவர் அதே ஊர்க்காரராக இருந்தால் குரல் தாழ்வதிலிருந்தும், 'சரியான' என்ற அடையிலிருந்தும் விளங்கிக்கொள்வார். மேற்கொண்டு கேட்க மாட்டார். இடக்கரடக்கல் என்று இலக்கண நூல்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றன. வெளிப்படையாகச் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது தகுதி வழக்கு. அது நாகரிகத்தின் பாற்பட்டது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். அந்த நாகரிகமே ஓர் அலுவலகத்தில் பொய்க்குச் சான்றாகிவிட்டது.

ஈழத்துப் புனைகதைகளில் அச்சொல் எந்தெந்தச் சூழலில், எந்தெந்த அழுத்தத்தில் வருகிறது என்பதைத் தொகுத்து இரண்டு பக்கக் குறிப்பொன்று எழுதி அனுப்பினோம். அது மருத்துவரின் அறிக்கையோடு பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது என்ற செய்தி வந்தது. அதன் பிறகுதான் அந்த அறிக்கைகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்று படிக்கத் தொடங்கினோம்.

*

இவ்வகை அறிக்கையின் வேர்களில் ஒன்று ஒரு பெண்ணின் செவியில் இருக்கிறது. ஹெலன் பாம்பர் 1945இல், இருபது வயதில், விடுவிக்கப்பட்டிருந்த பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்கு நிவாரணப் பணியாளராகச் சென்றார். உயிர் தப்பியவர்கள் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு தமக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு வேறெதுவும் செய்ய இயலாத இடத்தில், கேட்டுச் சாட்சியாக நிற்பதே பணியாயிற்று. அவர் 1985இல் இலண்டனில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று அது 'ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்' என்ற பெயரில் இயங்குகிறது. பாம்பர் 2014இல் மறைந்தார்.

இரண்டாவது வேர் மருத்துவ வகைப்பாட்டில் இருக்கிறது. வியத்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை உந்த, அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல் நோயைச் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கப் பெயர் இன்று தமிழ் நாளிதழ்களிலும் வருகிறது. துயரத்துக்குப் பெயரும் இலக்கணமும் கிடைத்த பிறகே அது நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது.

மூன்றாவது, இஸ்தான்புல் நெறிமுறை எனப்படும் கையேடு. சித்திரவதையை ஆய்ந்து ஆவணப்படுத்தும் முறைகளைப் பதினைந்து நாடுகளைச் சேர்ந்த எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் மூன்றாண்டுகள் உழைத்துத் தொகுத்து, 1999இல் ஐ.நா. மனித உரிமை ஆணையரிடம் அளித்தார்கள். 2022இல் அதன் திருந்திய பதிப்பு வெளியானது. உடலில் காணும் ஒரு தழும்பு, அது வந்த விதமாகச் சொல்லப்படும் கதையோடு எவ்வளவு இயைகிறது என்பதைச் சொல்ல அது ஐந்து படிநிலைகளை வகுக்கிறது. பொருந்தவில்லை என்பது முதற்படி. பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணங்களும் இருக்கலாம் என்பது இரண்டாவது. பெரிதும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் மிகச் சிலவே என்பது மூன்றாவது. இத்தகைய கொடுமையில் வழக்கமாகக் காணப்படுவது என்பது நான்காவது. வேறெவ்வகையிலும் வந்திருக்க முடியாது என்பது ஐந்தாவது. உளக் காயங்களைப் பற்றி எழுதும்போதும் மருத்துவர் இதே எச்சரிக்கையோடுதான் சொல்லெடுக்கிறார். 'இவர் சொல்வது உண்மை' என்று அவர் எழுதுவதில்லை. அது நீதிபதியின் அதிகாரம். 'இவரிடம் நாம் கண்டவை இவர் சொல்வதோடு இவ்வளவு பொருந்துகின்றன' என்பதோடு நின்றுவிடுகிறார்.

மதிப்பீடு நடக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல மணி நேரம், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகள். இடையில் மொழிபெயர்ப்பாளர். இளமைக்காலம், குடும்பம், நடந்த நிகழ்ச்சி, பயணம், இன்றைய வாழ்க்கை என்று வரலாறு கேட்கப்படுகிறது. உறக்கம், கனவு, திடுக்கிடல், சாக நினைத்ததுண்டா என்ற வினாக்கள் வருகின்றன. இந்தோசீன அகதிகளோடு பணியாற்றியவர்கள் உருவாக்கிய ஹார்வர்டு அதிர்ச்சி வினாநிரல் போன்ற கருவிகளும் பயன்படுகின்றன. இதற்கிடையில் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எந்த இடத்தில் குரல் உடைகிறது, எந்த இடத்தில் முகம் வெறுமையாகிறது, எந்தக் கேள்விக்குக் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடுகிறது என்பவை குறிப்பேட்டில் ஏறுகின்றன. உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிய கலையன்று. அவர் நடிக்கிறாரா என்ற ஐயத்தையும் மருத்துவர் எழுப்பிக்கொண்டு, அதற்கும் அறிக்கையில் விடை சொல்ல வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்வது அவரோடு நிற்கும். இங்கே சொல்வதெல்லாம் தீர்ப்பாயத்தின் மேசைக்குப் போகும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்கத் தொடங்குகிறார்கள்.

*

இனி முரண்பாடுகளுக்கு வருவோம். புகலிட மறுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம், ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை இரண்டு விதமாகச் சொன்னார் என்பதுதான். ஜீப்பின் நிறம், காவலரின் எண்ணிக்கை, தேதி. அமெரிக்காவில் 2005இல் வந்த ரியல் ஐடி சட்டம், முரண்பாடு கோரிக்கையின் மையத்தைத் தொடுகிறதா இல்லையா என்று பாராமலே அதை நம்பகமின்மைக்குக் காரணமாகக் கொள்ள நீதிபதிக்கு இடமளிக்கிறது.

பிரிட்டனில் ஜேன் ஹெர்லிஹியும் அவருடைய சகாக்களும் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொசோவாவிலிருந்தும் பொஸ்னியாவிலிருந்தும் வந்து, அங்கே தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றுவிட்ட அகதிகளிடம் ஒரே நிகழ்ச்சியை இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆயினும் முரண்பாடுகள் பரவலாக இருந்தன. நிகழ்ச்சியின் ஓரங்களில் உள்ள விவரங்களே மிகுதியும் மாறின. மன உளைச்சல் நோய் கடுமையாக உள்ளவர்களிடம், இரு சந்திப்புகளுக்கும் இடையிலான காலம் கூடக் கூட முரண்பாடும் கூடியது. வழக்கு இழுபட இழுபட, மிகக் காயப்பட்டவரே மிகப் பொய்யராகத் தோன்றுவார் என்பது இதன் பொருள். 2007இல் ஹெர்லிஹியும் பங்கேற்ற மற்றொரு ஆய்வு, பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் அதிகாரியின் நேர்காணலில் உண்மையைச் சொல்ல மற்றவர்களைவிட மிகவும் இடர்ப்பட்டார்கள் என்றும், வெட்கம் அவர்களைக் கூடுதலாக அழுத்தியது என்றும் கண்டது. கரைச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்ட அந்தப் பெண் உலகில் தனியள் அல்லள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று தோன்ற வேண்டும். நம்முடைய பழைய நூல்கள் அனைத்தும் பாடபேதங்களோடுதான் வந்து சேர்ந்தன. ஒரு சுவடியில் ஒரு சொல், மற்றொன்றில் வேறு சொல். ஓர் ஏட்டில் இரண்டு அடிகள் செல்லரித்திருக்கும். வரிசை மாறியிருக்கும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டபோது, மாறுபாடு உண்டு என்பதற்காக நூலே போலி என்று அவர் தள்ளவில்லை. மாறுபாடுகளை அடிக்குறிப்பில் இட்டு, இந்த மாற்றம் எப்படி நேர்ந்திருக்கும் என்று ஆராய்ந்தார். அதைவிட முக்கியமானது, பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்த ஓர் உண்மை. இரண்டு ஏடுகள் பிழைகள் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் அவற்றை இரு சான்றுகளாகக் கொள்ள மாட்டார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்றே முடிவு செய்வார்கள். துளியும் மாறாமல் மூன்று முறை சொல்லப்படும் கதை மனப்பாடமாக இருக்கவும் கூடும். மாறுபடும் கதை அடிபட்ட ஏடாக இருக்கவும் கூடும்.

நல்ல உளவியல் அறிக்கை பதிப்பாசிரியர் செய்யும் இந்த வேலையைத்தான் செய்கிறது. இந்த இடத்தில் ஏடு ஏன் சிதைந்திருக்கிறது என்று விளக்குகிறது. அதை எப்போது படிப்பது என்பதும் முக்கியம். 2005இல் மிபாங்கா வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொன்னது. விண்ணப்பதாரரின் வாக்குமூலத்தை மட்டும் பார்த்துப் பொய் என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு மருத்துவ அறிக்கை அந்த முடிவை அசைக்கிறதா என்று பார்ப்பது தவறு. இரண்டையும் ஒருசேர வைத்தே முடிவுக்கு வர வேண்டும். அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்சன், பதினான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஈழத் தமிழரின் வழக்கில் மீண்டும் இதே பிரச்சினையைச் சந்தித்தார்.

தீர்ப்பில் கே.வி. என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படுபவர் அந்தத் தமிழர். 2011இல் பிரிட்டன் வந்தார். முதுகிலும் கையிலும் தீக்காயத் தழும்புகள். இராணுவம் காய்ச்சிய கம்பியால் சுட்டது என்றார். தழும்புகள் அவர் கூறும் விதத்தோடு பெரிதும் பொருந்துகின்றன என்று மருத்துவர் எழுதினார். 2014இல் மேல் தீர்ப்பாயம் இரண்டே வாய்ப்புகள்தாம் உண்டு என்றது. ஒன்று சித்திரவதை. மற்றொன்று, புகலிடம் பெறுவதற்காக அவரே சொல்லிப் பிறரைக் கொண்டு சுட்டுக்கொண்டது. பின்னதை நோக்கியே தீர்ப்பாயம் சாய்ந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதை ஏற்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாற்றியது. அப்படித் தன்னைச் சுட்டுக்கொண்டவர்கள் பற்றிய சான்று ஏறத்தாழ இல்லை என்பதையும், ஒருவர் அத்தகைய வேதனையையும் ஆபத்தையும் தாமே வரவழைத்துக்கொள்வது எவ்வளவு அரிது என்பதையும் சுட்டியது. தழும்பு எப்படி வந்தது என்பதோடு மருத்துவர் நின்றுவிட வேண்டியதில்லை, எந்தச் சூழலில் வந்ததாகச் சொல்லப்படுகிறதோ அதோடு பொருந்துகிறதா என்றும் சொல்லலாம் என்றது. வழக்கு மீண்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு மனிதன் தன் முதுகு தன் பக்கம்தான் பேசுகிறது என்று நிறுவ எட்டு ஆண்டுகள் ஆயின.

*

அமெரிக்காவில் இந்த எழுத்து வகைக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கே 1996இல் வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறுபவர் பத்தாண்டுகள் திரும்பி வர முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் மூன்றாண்டுகள். மெக்சிகோவிலிருந்து எல்லை கடந்து வந்து, அமெரிக்கக் குடிமகளை மணந்து, பிள்ளை பெற்று வாழும் ஒருவர் தம் நிலையைச் சட்டபூர்வமாக்கிக்கொள்ள வேண்டுமானால், வழக்கமாக நாட்டை விட்டு வெளியேறித் தூதரகத்தில் விசா பெற வேண்டும். வெளியேறிய கணமே பத்தாண்டுத் தடை விழுகிறது. அதிலிருந்து விலக்குப் பெற, குடியுரிமையோ நிரந்தர வாழ்வுரிமையோ உள்ள தம் மனைவிக்கோ தாய் தந்தைக்கோ மிகக் கடுமையான இடர் நேரும் என்று காட்ட வேண்டும். உளவியலாளரின் அறிக்கை அங்கே போகிறவரைப் பற்றியதன்று. இருப்பவரைப் பற்றியது.

சட்டம் அங்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பிரிவினால் வழக்கமாக வரும் துயரம் கணக்கில் சேராது. பிரிந்தால் அழுவது இயல்பு, உறங்காதிருப்பது இயல்பு, பொருளாதாரம் நலிவது இயல்பு. அந்த இயல்பைக் கடந்த துயரம் எங்கே என்று கேட்கிறது. பாலைத்திணையை ஆண்டுதோறும் நடத்துகிற நமக்கு இது விசித்திரமாகத் தோன்றுகிறது. நம் கவிஞர்கள் பிரிவுத் துயரின் இயல்பான அளவையே இவ்வுலகம் கொள்ளாததாகக் கண்டார்கள். மேலும் ஒரு கொடுமை: இந்த விலக்கில் பிள்ளையின் துயரம் நேரடியாக எண்ணப்படுவதில்லை. தந்தையைப் பிரிந்து பிள்ளை படும் பாட்டினால் தாய்க்கு என்ன ஆகும் என்ற வழியாகவே அது உள்ளே வர முடியும். எட்டு வயதுக் குழந்தையின் அழுகை தாயின் நோய்க்குறியாக மாறினால்தான் தாளில் இடம்பெறும்.

இந்த அறிக்கைகளால் பயன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் மனித உரிமைக்கான மருத்துவர்கள் அமைப்பின் தன்னார்வலர்கள் மதிப்பிட்ட புகலிட வழக்குகளைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வந்தது. 2000 முதல் 2004 வரை முடிவான அவ்வழக்குகளில் 89 விழுக்காட்டினர் புகலிடம் பெற்றிருந்தார்கள். அத்தகைய மதிப்பீடு இல்லாதவர்களில் 37.5 விழுக்காடு. வலுவான வழக்குகளையே வழக்கறிஞர்கள் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்கள் என்பதையும் கருத வேண்டும். எனினும் இடைவெளி பெரிது.

ஆனால் இந்தப் பயனுக்கு ஒரு விலை இருக்கிறது. நம்பப்பட வேண்டுமானால் நோயாளியாக வேண்டும். நடந்ததை நேராகப் பார்த்துச் சொல்லக்கூடியவர், வேலைக்குப் போகிறவர், சிரிக்கத் தெரிந்தவர், அறிக்கையில் வலுவற்றவராகிவிடுகிறார். எல்லாச் சமூகங்களும் துயரத்தை ஒரே நோய்க்குறிப் பட்டியலின்படி வெளிப்படுத்துவதில்லை. ஈழத்து முதியவர் ஒருவர் "எனக்கு மனநோய் இல்லை, யோசனைதான் கூட" என்பார். யோசனை என்பது அங்கே கவலை. விட்டு நீங்காமல் திரும்பத் திரும்ப வருகிற நினைவு. வினாநிரலில் அதற்கு நேரான கட்டம் கிடையாது. அவர் இல்லை என்று சொன்ன பெட்டியில் இல்லை என்றே குறி விழுகிறது. நல்ல மதிப்பீட்டாளர் அங்கே நின்று, யோசனை என்றால் என்ன, எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். அதற்கு நேரம் வேண்டும். அந்தச் சொல்லைச் சுருக்காமல் எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

கதை கேட்கப்படாத இடத்தின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1983க்குப் பின் தமிழகத்துக்கு வந்த ஈழத்தவர்களுக்குப் பதிவு இருந்தது, முகாம் இருந்தது, மாத உதவித்தொகை இருந்தது. உனக்கு என்ன நடந்தது, எதற்கு அஞ்சுகிறாய் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு முடிவு சொல்லும் சட்டம் இருக்கவில்லை. முகாம்களின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நம்மிடம் படித்தவர்களின் பெற்றோர் பலர் தம் கதையை எந்த அலுவலகத்திலும் சொல்ல நேராமலே முதுமையடைந்திருக்கிறார்கள். இலண்டனில் ஐயுற்றுக் கேட்கிறார்கள். இங்கே ஐயுறவுமில்லை, கேட்கவுமில்லை. எது மேல் என்று அந்த மாணவியிடம் ஒருமுறை கேட்டோம். "அங்கை கேட்டுப்போட்டு நம்ப மாட்டினம் ஐயா. ஆனா கேக்கினம்" என்றார்.

கேட்கிறவர்களுக்குச் சரியாகக் கேட்க உதவுவது மொழி அறிந்தவர்களால் ஆகக்கூடிய காரியம். வட்டார வழக்கு அகராதிகள் நம்மிடம் உண்டு. அவற்றில் சமையலறைச் சொற்களும் வேளாண் சொற்களும் செறிந்திருக்கின்றன. நோவைச் சொல்லவும் நோவை மறைக்கவும் மக்கள் ஆளும் சொற்களுக்குத் தனித் தொகுப்பு வேண்டும். கரைச்சல், யோசனை, ஏலாமை, விசர், நெஞ்சுக்குள் அடைப்பு, உடம்பு பதறுதல் என்று நாம் தொகுத்திருப்பவை அறுபதுக்குக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் யார், யாரிடம், எந்தச் சூழலில், எந்த அழுத்தத்தில் சொல்வார்கள் என்ற குறிப்பு தேவை. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் ஆகிய வழக்குகளை வீட்டில் கேட்டு வளர்ந்த நண்பர்கள் தம் பாட்டிமாரிடமும் தாயாரிடமும் கேட்டு எழுதி அனுப்பினால் ஒழுங்குபடுத்தி அந்த மாணவிக்கு அனுப்புவோம். அவர் தம்மோடு பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர்களிடம் சேர்ப்பிப்பார்.